மொட்டை மாடியில் சோலார் குக்கர்: வடசென்னை வீட்டுக்கு எது ஒத்துவரும்?

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இருந்துகொண்டு சோலார் குக்கர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் மாடிக்குப் போய்ப் பாருங்கள். காலை பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று மூன்று வேளையும் ஏறிப் பார்க்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி இடம் ஒன்று மூன்று வேளையும் வெயிலில் இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். பக்கத்து வீட்டில் புதிதாக எழுப்பிய மாடி, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, இதில் ஏதாவது ஒன்றின் நிழல் அரை மணி நேரம் விழுந்தாலும் பருப்பு அரைவேக்காட்டில் நின்றுவிடும். சித்திரையில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அப்போது உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் இருப்பதால் நிழலே தெரியாது. டிசம்பர் கடைசியில் அதே உச்சி வேளையில் பத்தடிச் சுவர் வடக்குப் பக்கம் ஏழடிக்கு மேல் நிழல் போடும்.

அடுத்தது மாடிச் சாவி. வடசென்னையில் பாதி வீடுகளில் மாடி பொது. துணி காயும், வடாம் காயும், பிள்ளைகள் ஓடுவார்கள். வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கும் மாடியில் இந்தச் சாமான் பயன்படாது. மூன்றாவது, பகலில் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டில், அந்தச் சமையலுக்கு இது எந்த உதவியும் செய்யாது. வெயில் வலுப்பதே பத்து மணிக்குத்தான். இந்த மூன்றும் சரியாக இருக்கிற வீட்டுக்கு, அதிலும் ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் இருக்கிற வீட்டுக்கு, பெட்டி வகை சோலார் குக்கரைத் தயங்காமல் சொல்லலாம். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் கேஸ் அடுப்பு எரிந்தால் அந்த அறை ராத்திரி வரை ஆறாது. சோறும் பருப்பும் மாடிக்குப் போய்விட்டால் அந்தச் சூடு வீட்டுக்குள் வராது. சிலிண்டர் மிச்சமாவதைவிடப் பெரிய லாபம் இதுதான்.

பெட்டி வகை

வெளியே ஃபைபர் அல்லது அலுமினியப் பெட்டி. உள்ளே கறுப்படித்த அலுமினியத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் கிளாஸ் வுல், அதாவது சூட்டை வெளியே விடாத கண்ணாடி இழைப் பஞ்சு. மேலே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி போட்ட மூடி, அந்த மூடிக்கும் மேலே, வெயிலை உள்ளே திருப்பிவிடக் கீல் வைத்த ரிஃப்ளெக்டர் கண்ணாடி. உள்ளே நாலு தட்டையான பாத்திரம் உட்காரும். நாலைந்து பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஆகும்.

இதிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்குச் சின்னக் கணக்கு. வழக்கமான பெட்டியின் கண்ணாடி அரை மீட்டருக்கு அரை மீட்டர், அதாவது கால் சதுர மீட்டர். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 900 வாட் விழுகிறது என்றால், கண்ணாடியில் விழுவது 225 வாட். ரிஃப்ளெக்டர் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், ஆனால் கண்ணாடியும் பக்கச் சுவரும் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும். கடைசியில் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருவது 100 வாட் அளவுதான். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். இருபதில் ஒரு பங்கு வேகத்தில் சமைக்கிற சாமானிடம் அவசரத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அந்த மெதுவிலேயே நல்லதும் இருக்கிறது. கிளற வேண்டாம், அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது, விசில் எண்ண வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியது இந்திய தர முத்திரை. பெட்டி வகைக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 13429. அதில் எஃப்1 என்று ஒரு எண் சொல்வார்கள். ரிஃப்ளெக்டர் இல்லாமல் காலிப் பெட்டி எவ்வளவு சூடேறுகிறது என்பதன் அளவு அது. ‘ஏ’ தரத்துக்குக் குறைந்தது 0.12 இருக்க வேண்டும். வீட்டுக் கணக்காகச் சொன்னால், வெளியே 33 டிகிரி, வெயில் சதுர மீட்டருக்கு 850 வாட் இருக்கும் நேரத்தில் காலிப் பெட்டியின் தட்டு 135 டிகிரிக்கு ஏற வேண்டும். பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை விட்டுப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் 110 டிகிரியைக்கூடத் தொடாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தெர்மாமீட்டர் இல்லாமலே கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, மூடிக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். நாலு பக்கமும், மூலைகளிலும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். தாள் இறுக்கமாக வந்தால் அல்லது கிழிந்தால் ரப்பர் கேஸ்கெட் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு வெளியே போகும். பெரும்பாலும் கீலுக்குப் பக்கத்து மூலையில்தான் வழுக்கும். மூடியின் கண்ணாடி, சூடு தாங்கும்படி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியா என்று கேளுங்கள், மூலையில் முத்திரை இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி போட்ட மூடி நூறு டிகிரியில் இருக்கும்போது திடீரென்று ஒரு மழைத்தூறல் விழுந்தால் விரிசல் விட்டுவிடும். சென்னையில் ஜூலை மதியத்தில் அப்படித் தூறுவது சகஜம்.

பாத்திரம் பெட்டியோடு வரும், வெளிப்பக்கம் மட்டும் கறுப்படித்தது. மூடியும் கறுப்பாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். பளபளவென்று எவர்சில்வர் மூடி போட்டு வைத்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கூட வரும் பாத்திரம் அலுமினியமாக இருந்தால் புளிக்குழம்பு, தக்காளி அதில் வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். அதற்கென்று தட்டையான எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கி, வெளியே மட்டும் சூடு தாங்கும் கறுப்பு மேட் பெயின்ட் அடித்து, காலியாக மூன்று நாள் பெட்டியில் காய வைத்துப் பயன்படுத்தலாம். புதுப் பெட்டியையும் அதேபோல இரண்டு மூன்று நாள் வெறுமனே வெயிலில் வைத்துப் பெயின்ட் வாடையைப் போக்கிய பிறகுதான் உலை வைக்க வேண்டும். உயரம் ஏழு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உயரமான பாத்திரம் மூடிக் கண்ணாடியில் முட்டும், பக்கத்துப் பாத்திரத்துக்கு நிழலும் போடும்.

வைக்கும் முறை

ஒன்பதே முக்காலுக்குக் காலிப் பெட்டியை வெயிலில் வையுங்கள். முக்கால் மணி நேரம் தட்டு சூடேறட்டும். பத்தரைக்குப் பாத்திரங்களை உள்ளே வைத்தால் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு எடுக்கலாம். முன்சூடு இல்லாமல் வைத்தால் அரை மணி நேரம் கூடுதலாகும். அதோடு ஊறிய பருப்பு வெதுவெதுப்பில் கிடந்து புளிக்கவும் ஆரம்பிக்கும்.

தண்ணீர் அளவுதான் முதல் முறை வைப்பவர்கள் எல்லோரும் தவறவிடும் இடம். இந்தப் பெட்டியில் ஆவி வெளியே போவது குறைவு. வடிக்கவும் முடியாது, போட்ட தண்ணீர் முழுக்க அரிசியே குடிக்க வேண்டும். பச்சரிசிப் பொன்னிக்கு ஒரு டம்ளருக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர், ஒன்றே கால் மணி நேரம். ரேஷன் புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டேகால் தண்ணீர் வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். வடித்த சாதம்போல் உதிரியாக வராது, கொஞ்சம் ஒட்டும். வடித்த சாதமே வேண்டும் என்கிற வீட்டில் இது சண்டையைத்தான் கொண்டுவரும். அவர்கள் அரிசியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பருப்பையும் காயையும் பெட்டிக்கு அனுப்பலாம்.

துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் மசியும். உப்பும் புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். முதலிலேயே போட்டால் பிரஷர் குக்கரில் அழுத்தம் அடித்து வேகவைத்துவிடும், இங்கே அந்த அழுத்தம் கிடையாது, பருப்பு முழுசு முழுசாக நிற்கும். தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீர் கடினமாக இருக்கிற தெருக்களில் மெட்ரோ தண்ணீர் அல்லது கேன் தண்ணீரில் பருப்பு வையுங்கள். கடின நீரில் இருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். பெட்டியைக் குறை சொல்கிற வீடுகளில் பல நேரம் தண்ணீர்தான் குற்றவாளி.

கொண்டைக்கடலை, பட்டாணி எட்டு மணி நேரம் ஊறியிருந்தால் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். சாயங்காலம் தள்ளுவண்டியில் சுண்டல் போடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி ரொம்பப் பொருத்தம். பகல் முழுக்கக் கையில் இருக்கிறது, வியாபாரம் ஐந்து மணிக்கு மேல்தான். நாலு பாத்திரத்திலும் சேர்த்து 600 கிராம் காய்ந்த கடலை வைக்கலாம், அதற்கு மேல் அடைத்தால் நடுவில் இருப்பது வேகாது. தோல் வெடிக்காமல் முழு மணியாக வேகும், சுண்டலுக்கு அதுதான் வேண்டும். தாளிப்பு மட்டும் அடுப்பில்.

முட்டைக்குத் தண்ணீரே வேண்டாம். வெறும் கறுப்புப் பாத்திரத்தில் வைத்து மூடினால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் வெந்துவிடும். காய்களுக்குக் கழுவின ஈரம் போதும், பூசணி, சுரைக்காய் தானே தண்ணீர் விடும். கீரையை நீண்ட நேரம் விட்டால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும், அரை மணி நேரம் மிச்சமிருக்கும்போது வைத்தால் போதும். நிலக்கடலை வறுக்க மூடியில்லாத பாத்திரத்தில் பரப்பி ஒன்றரை மணி நேரம். ரவையை இப்படி வறுத்து வைத்தால் வண்டு வராது. மீன் சீக்கிரம் வேகும், முக்கால் மணி நேரம் தாண்டாது. ஆனால் அந்த வாடை பெட்டியின் உட்பக்கம் ஏறிக்கொள்ளும், மறுநாள் பருப்பில் தெரியும். காசிமேட்டு மீன் தினமும் வருகிற வீடாக இருந்தால் மீனை இதில் வைக்க வேண்டாம். ஆட்டுக்கறி சின்னத் துண்டாக வெட்டினால் மூன்று மணி நேரம், கோழி இரண்டு மணி நேரம்.

தோசை, சப்பாத்தி, வடை, அப்பளம், தாளிப்பு எதுவும் நடக்காது. பெட்டிக்குள் சாப்பாடு நூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும், எண்ணெய் காய அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். பாயசம் வேகும், சுண்டாது.

மூடியை நடுவில் திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். ஒரு தடவை திறந்தால் பத்துப் பதினைந்து நிமிடச் சூடு போய்விடும், ஆவி உள்கண்ணாடியில் படிந்து வெயிலை மறைக்கும். கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்ததுபோல் தெரிந்தால் பாத்திர மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் படர்ந்தால் மூடியின் ஓர ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, நல்ல வெயிலில் காய வைத்து, சூடு தாங்கும் சிலிக்கோன் பசை போட வேண்டும்.

ரிஃப்ளெக்டரைப் படிப்பது

விற்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதே இல்லை. பெட்டி நன்றாக இருந்தும் சமைக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் ரிஃப்ளெக்டரின் சாய்வுதான். அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். காலையில் பெட்டிக்கு மேற்கே நின்று கிழக்கைப் பார்க்க வேண்டும். அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் மூடிக் கண்ணாடியின் மேல் பளிச்சென்று ஒரு கட்டமாக விழும். அந்தக் கட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடியைத் தாண்டி முன்பக்கம் தரையில் விழுந்தால் ரிஃப்ளெக்டர் பின்னால் சாய்ந்தது அதிகம். கண்ணாடியில் பாதியோடு நின்றுவிட்டால் நிமிர்ந்தது அதிகம். கட்டம் இடது வலதாக நகர்ந்திருந்தால் சாய்வில் கை வைக்க வேண்டாம், பெட்டியைத் திருப்புங்கள். கட்டத்தின் ஓரமும் கண்ணாடியின் முன் ஓரமும் ஒன்றாகும்போது சாய்வு சரி.

ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் சூரியன் உச்சியில் நேர் மேலே வருகிறது. அப்போது ரிஃப்ளெக்டர் மூடியிலிருந்து 120 டிகிரி வரை விரிந்து நன்றாகப் பின்னால் சாய வேண்டும். டிசம்பர் உச்சியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்க வேண்டும். எந்த மாதமானாலும் காலை பத்து மணிக்கு அநேகமாக நிமிர்ந்தேதான் இருக்கும். மே, ஜூன், ஜூலையில் உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும், ‘எப்போதும் தெற்கு பார்த்து வை’ என்று கையேட்டில் போட்டிருப்பதை அந்த மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். வெளிச்சக் கட்டம் சொல்வதைக் கேளுங்கள்.

தை மாதத்தில் பெட்டியைத் தென்கிழக்கு, தெற்கு, தென்மேற்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். சித்திரையில் சூரியன் தலைக்கு மேலே கடந்து போவதால் உச்சி தாண்டியதும் பெட்டியை அரை வட்டம் திருப்பி, ரிஃப்ளெக்டரைக் கிழக்கே கொண்டுபோக வேண்டும். இங்கே உச்சி என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு அல்ல. பிப்ரவரியில் பன்னிரண்டே கால் தாண்டித்தான் வரும், நவம்பரில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அடியில் சக்கரம் வைத்த பெட்டியாக வாங்குங்கள், பன்னிரண்டு கிலோவை வெயிலில் தூக்கித் திருப்புவது வயதானவர்களுக்கு ஆகாது.

உப்புக்காற்றும் சாம்பலும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். வெயில் காலத்தில் மதியம் கடல்காற்று வந்ததும் மூடிக் கண்ணாடி ஆறும், தட்டின் சூடு இறங்கும். காசிமேட்டில் இது பெரம்பூரைவிட முன்னாலேயே வரும். கிழக்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில், நிழல் விழாத தூரத்தில் பெட்டியை வைத்தால் பாதிக் காற்றாவது தடுக்கப்படும். காற்று வருவதற்கு முன்னால், பன்னிரண்டு மணிக்குள், கடினமான சமையலை முடிப்பது இன்னும் நல்லது.

உப்பு ஈரம் முதலில் பிடிப்பது கீலையும் ரிஃப்ளெக்டரின் விளிம்பையும். இரும்புக் கீல் ஒரு மழைக்காலத்திலேயே துரு கக்கும். வாங்கும்போதே எவர்சில்வர் அல்லது பித்தளைக் கீலும் ஸ்க்ரூவும் மாற்றிக்கொள்ளுங்கள், பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ரிஃப்ளெக்டர் கண்ணாடியின் பின்பக்க ரசம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே உள்ளே போகும். புதிதிலேயே நாலு விளிம்பிலும் சிலிக்கோன் இழுத்துவிட்டால் இது பல வருடம் தள்ளிப்போகும். கறுத்துவிட்டால் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். அளவெடுத்துக்கொண்டு தேவராஜ முதலி தெருவுக்குப் போனால் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கலாம். நாலு மில்லிமீட்டர் கண்ணாடியாகக் கேளுங்கள், அதைவிடத் தடிமனானதைக் கீல் தாங்காது.

எண்ணூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையங்கள் பக்கம் சாம்பலும் மணலி, கொடுங்கையூர்ப் பக்கம் புழுதியும் கண்ணாடியில் தினமும் படிகின்றன. காய்ந்த துணியால் தேய்த்தால் அந்தச் சாம்பலே உப்புத்தாள்போல் கீறிவிடும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் துடைக்க வேண்டும், அதுவும் கண்ணாடி ஆறியிருக்கும் காலை நேரத்தில். காக்கைக்கும் பூனைக்கும் பயந்து பெட்டியின் மேல் வலை போடாதீர்கள், வலையின் நிழலும் நிழல்தான். மூடிக்கு ஒரு கொக்கி போதும்.

மேகம் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அரைவேக்காட்டில் வெயில் போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாப்பாடு வெதுவெதுப்பிலேயே கிடந்தால் அதைச் சாப்பிடக் கூடாது. சோற்றில் கிருமி பெருக அந்த வெதுவெதுப்பு போதும், திரும்பக் கொதிக்க வைத்தாலும் அது விட்ட நஞ்சு போகாது. மேகம் கட்டி இருபது நிமிடமாகியும் கலையவில்லை என்றால் உடனே கீழே இறக்கி கேஸில் வைத்து முடித்துவிடுங்கள்.

சிலிண்டர் கணக்கு

வருடத்துக்கு மூன்று நாலு சிலிண்டர் மிச்சம் என்று விளம்பரங்களில் பார்க்கலாம். திறந்த பாத்திரத்தில் சமைக்கிற வீட்டுக்கு அதற்குக் கிட்டத்தில் வரும், பிரஷர் குக்கர் வைக்கிற வீட்டுக்கு வராது. பெரிய பர்னர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 180 கிராம் கேஸ் எரிக்கும் என்று வையுங்கள். குக்கரில் சோறும் பருப்பும் முடிய 25 நிமிடம், 75 கிராம். வருடத்தில் 200 நாள் பெட்டியில் சமைத்தால் 15 கிலோ, அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றும் கொஞ்சமும். சோறு வடித்து, பருப்பையும் சட்டியில் வேகவைக்கிற வீட்டில் அதே வேலைக்கு 170 கிராம் வரை போகும், அங்கே மிச்சம் இரண்டைத் தாண்டும். அந்த 200 நாளும் சும்மா கிடைக்காது. ஜனவரியிலிருந்து மே வரை அநேகமாக எல்லா நாளும் கிடைக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேகத்தைப் பார்த்து வைக்க வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சத்து போகாது என்கிற விளம்பரத்தையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சியை வடித்துக் கொட்டாததால் அரிசிச் சத்து கொஞ்சம் தங்கும், உண்மை. ஆனால் வைட்டமின் சி நீண்ட நேரச் சூட்டில் எங்கே வெந்தாலும் அழியும்.

குடிதண்ணீர் காய்ச்சவும் இது நல்ல வழி. 65 டிகிரிக்கு மேல் சில நிமிடம் இருந்தாலே குடிநீரில் வரும் நோய்க்கிருமிகள் செத்துவிடும், பெட்டி மூன்று நாலு லிட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தாண்டிக் கொண்டுபோகும். உப்போ, ரசாயனமோ, எண்ணெய் வாடையோ இதில் போகாது. நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளில் இதை நம்பிக் குடிக்கக் கூடாது.

மற்ற வகைகள்

டிஷ் வகை 1.4 மீட்டர் விட்டமுள்ள குழிந்த தட்டு. வெயிலெல்லாம் ஒரே புள்ளியில் குவிவதால் கேஸ் அடுப்பு மாதிரியே வேலை செய்யும். மூன்று லிட்டர் தண்ணீர் அரை மணி நேரத்தில் கொதிக்கும், தாளிக்கலாம், பூரி பொரிக்கலாம். இருந்தும் வடசென்னைப் பொது மாடிக்கு இதைச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்ப, சமைப்பவரும் வெயிலிலேயே நிற்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி போடாமல் குவியத்தைப் பார்த்தால் கண் கெடும். கடல்காற்றில் தட்டு பாய்மரம்போல் காற்றை வாங்கிச் சாயும். எல்லாவற்றையும்விட, சமையல் முடிந்து அப்படியே விட்டுவிட்டுப் போனால், சூரியன் நகர நகரக் குவியமும் நகரும், பக்கத்துக் கொடியில் காயும் துணி பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் ஓடும் மாடியில் இந்த அபாயம் வேண்டவே வேண்டாம். தனி மாடியும் பொறுப்பான ஆளும் உள்ள விடுதிக்கோ அன்னதானக் கூடத்துக்கோ சரி. இன்னும் பெரிய அளவில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆரோவில்லின் சோலார் கிச்சனுக்குப் போகலாம், அங்கே நீராவி எடுப்பதற்காகக் கூரையிலேயே 15 மீட்டர் விட்டத்தில் குழிந்த கிண்ணம் அமைத்திருக்கிறார்கள்.

வாக்குவம் டியூப் வகையில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்க்குள் சாப்பாடு போகிறது. நடுவில் காற்றில்லாததால் கடல்காற்று இதை ஒன்றும் செய்யாது, உள்ளே 200 டிகிரி தாண்டும், குளிர்காலத்திலும் வேகும். குறுகலான குழாயில் நாலு பேர் சாதம் வைக்க முடியாது. தனி ஆளுக்கு முட்டை, மீன், உருளைக்கிழங்கு, டீத் தண்ணீர் என்றால் சரி. சூடான குழாயில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். குழாயின் மூடிய முனையில் வெள்ளிபோல் ஒரு பூச்சு தெரியும். அது பால் நிறமாக வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்தக் குழாய் இனி உதவாது. வாங்கும்போது முதலில் அந்த முனையைப் பாருங்கள்.

இந்தியன் ஆயில் 2022 ஜூனில் அறிமுகப்படுத்திய சூர்ய நூதன் வேறு ஜாதி. வெயிலில் இருப்பது பேனல், அடுப்பு சமையலறையில் இருக்கும், சூட்டைச் சேமித்து ராத்திரியும் சமைக்கும், வெயில் இல்லாத நாளில் கரண்டில் ஓடும். அறிமுகத்தின்போது சொன்ன விலை 12,000 ரூபாயிலிருந்து 23,000 வரை. சொந்த வீட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டியது இது. ஆனால் கூரையில் பேனல் வைக்கும் அளவுக்கு இடமும் பணமும் இருந்தால் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 என்று மானியம் அறிவித்திருக்கிறார்கள். அதோடு ஒரு இண்டக்ஷன் அடுப்பு சேர்ந்தால் சமையலுக்கும் ஃபேனுக்கும் சேர்த்தே வழி பிறக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு, வீடு மாறும்போது கையோடு தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டிதான்.

மழைக்கு முன்

அக்டோபர் பிறந்ததும் பெட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள். தார்ப்பாய் போட்டு மாடியிலேயே விட்டால் தண்ணீர் எப்படியாவது கிளாஸ் வுல்லுக்குள் போகும். நனைந்த கிளாஸ் வுல் சூட்டைத் தடுத்து வைக்காது, காய்ந்த பிறகும் அடியில் அமுங்கிப்போய்ப் பக்கச் சுவரின் மேல்பாதியில் வெற்றிடம் விடும். பெட்டியின் பக்கத்தைத் தட்டினால் டொங்கென்று கேட்கும் இடம் அதுதான். அடியிலிருக்கும் தகட்டை நாலு ஸ்க்ரூவில் கழற்றி, கையுறையும் முகத்துணியும் போட்டுக்கொண்டு, பழையதை எடுத்துவிட்டுப் புது கிளாஸ் வுல் திணித்து மூடலாம். அரை நாள் வேலை, புதுப் பெட்டி வாங்கும் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். உள்ளே எடுத்து வைக்கும்போது மூடியை அழுத்தி மூடாமல், கேஸ்கெட்டுக்கு நடுவில் ஒரு குச்சி வைத்து லேசாகத் திறந்து வையுங்கள். மூன்று மாதம் அழுத்தத்திலேயே இருந்தால் ரப்பர் தட்டையாகிவிடும், ஜனவரியில் எடுத்துத் தாள் சோதனை செய்தால் நாலு பக்கமும் வழுக்கும்.